கெட்டமைன் டிரிப்ஸ் ஏற்றினால் சுனாமி பயம் போகுமா?

மனநலம்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவர் பதில்

போன இதழில் பி.டி.எஸ்.டி பற்றி, அதாவது பெரிய அதிர்ச்சி ஒன்று முடிந்து நாளான பிறகும் உடம்பும் மனசும் அதிலேயே மாட்டிக்கொண்டிருக்கும் நோயைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மருந்தைக் கேட்கின்றன: கெட்டமைன். அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர் அம்மா, எங்களுக்குத் தேவனாம்பட்டினம். சுனாமியில் என் தம்பி போய்விட்டான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடினார், தண்ணியில் பிடி விட்டுப்போச்சு. அப்போது எனக்கு எட்டு வயது. அதற்கப்புறம் அப்பா கடலுக்கே போகவில்லை. வலை தைத்துக் கொடுக்கிறார். ராத்திரி கத்திக்கொண்டு எழுந்திருக்கிறார். டிசம்பர் பிறந்தால் வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. பாண்டிக்குப் போய்க் குடித்துவிட்டு வருகிறார். பிரஷர் இருக்கிறது, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை. எங்கேயோ எப்போதோ எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரையை மட்டும் விடாமல் வாங்கிப் போடுகிறார். அமெரிக்காவில் போருக்குப் போய் வந்தவர்களுக்கு கெட்டமைன் டிரிப்ஸ் ஏற்றி இதைச் சரிசெய்கிறார்கள், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சிங்கப்பூரில் இருக்கும் அத்தை மகன் சொல்கிறார். ஏற்றினால் அந்த நினைப்பு அழிந்துவிடுமா? அப்பாவுக்கு இப்போது அறுபது வயது. பெயர் போட வேண்டாம்.

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அழியாது. நினைப்பை அழிக்கும் மருந்து எதுவும் இல்லை. தம்பியின் முகமும் அப்பாவிடம் இருக்கும், அந்தக் காலை நேரமும் இருக்கும். அது ஞாபகம் வரும்போது இதயம் படபடப்பதும், வேர்ப்பதும், இப்போதே நடப்பதுபோல் உடம்பு துள்ளுவதும்தான் நோய். அதைக் குறைக்க முடியும். இத்தனை வருஷம் கழித்தும் முடியும். இதை நான் நம்பிக்கைக்காகச் சொல்லவில்லை. பழைய அதிர்ச்சிகளுக்கும் சிகிச்சை பலன் தருவதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

2005 ஜனவரியில் நான் முதுநிலை மாணவி. கடலூர் நிவாரண முகாம்களில் வேலை பார்த்தேன். மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். சோணாங்குப்பம், சிங்காரத்தோப்புப் பெண்கள் அழுதார்கள், பேசினார்கள், ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டார்கள். ஆண்கள் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். படகு என்னாச்சு, வலை எத்தனை, எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று அவர்களிடம் கேட்கத்தான் ஆள் வந்தது. தூங்கினாயா என்று ஒரு ஆணிடம் யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் பயிற்சி கொடுத்த தொண்டர்கள் பிறகு வீடு வீடாகப் போனார்கள், நல்ல வேலை செய்தார்கள். ஆனாலும் உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் விட்டுப்போனார்கள். அவர் குடிப்பதையும் கத்துவதையும் ஊர் அவருடைய குணம் என்று எடுத்துக்கொண்டிருக்கும். குணமில்லை, நோய். நீங்கள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது கெட்டமைன். இது புது மருந்தே இல்லை. 1962-ல் அமெரிக்காவில் பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டது. 1970-ல் மயக்க மருந்தாக அனுமதி பெற்று, வியட்நாம் போரில் காயம்பட்டவர்களுக்குப் பயன்பட்டது. மூச்சை அவ்வளவாக அடக்காது, ரத்த அழுத்தத்தை இறக்காது என்பதால் இன்றைக்கும் சின்ன ஊர் ஆபரேஷன் தியேட்டரில்கூட இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. இதையே மயக்கம் வராத சிறிய அளவில் கொடுத்தால் கடுமையான மனச்சோர்வு சில மணி நேரத்தில் குறைகிறது என்று 2000-ல் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதினார்கள். வழக்கமான மாத்திரைகள் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அது பெரிய செய்தி. மூளையில் குளூட்டமேட் என்ற ரசாயனம் வேலை செய்யும் ஒரு வாசலை இது கொஞ்ச நேரம் அடைக்கிறது. நாள்பட்ட மன அழுத்தத்தில் சுருங்கிப்போன நரம்பு இணைப்புகள் அதற்குப் பிறகு மறுபடி முளைப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

பி.டி.எஸ்.டி-க்கு நியூயார்க்கில் நடந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. 41 பேர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 40 நிமிடத்தில் ஒரே ஒரு டிரிப்ஸ். ஒப்பிட்டுப் பார்க்க மிடசோலம் என்ற தூக்க ஊசி. கெட்டமைன் ஏற்றியபோது 24 மணி நேரத்தில் நோயின் வேகம் அதிகமாகக் குறைந்திருந்தது. அதே குழு 2021-ல் 30 பேருக்கு இரண்டு வாரத்தில் ஆறு டிரிப்ஸ் கொடுத்துப் பார்த்தது. கெட்டமைன் பெற்றவர்களில் 67 சதவீதம் பேருக்கு நல்ல பலன், மிடசோலம் பெற்றவர்களில் 20 சதவீதம். அத்தை மகன் பார்த்த வீடியோ அநேகமாக இந்த எண்களைத்தான் சொல்லியிருக்கும்.

வீடியோ சொல்லாமல் விட்டது இரண்டு. ஒன்று, அந்த ஆறு டிரிப்ஸும் முடிந்த பிறகு, பலன் கிடைத்தவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள், சரியாகச் சொன்னால் 27, 28 நாளில், அந்தப் பலன் போய்விட்டது. இரண்டு, 2022-ல் அமெரிக்க ராணுவத்தில் இருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் 158 பேரை வைத்து நடந்த இன்னும் பெரிய ஆய்வு. நாலு வாரத்தில் எட்டு டிரிப்ஸ். மனச்சோர்வு குறைந்தது. பி.டி.எஸ்.டி-யைப் பொறுத்தவரை வெறும் சலைன் ஏற்றியவர்களைவிட கெட்டமைன் ஏற்றியவர்கள் அதிகமாகத் தேறவில்லை. போர் வீரர்களுக்குச் சரியாகிவிட்டது என்கிறார்களே, அந்தப் போர் வீரர்களிடம் கிடைத்த முடிவு இதுதான்.

அதனால் என் கருத்து இது. கெட்டமைன் சிலருக்குப் பயத்தின் பிடியைச் சில வாரம் தளர்த்துகிறது. அந்தச் சில வாரத்தில் யாராவது கூட உட்கார்ந்து அந்தப் பயத்தோடு வேலை செய்தால் காசுக்குப் பிரயோஜனம் உண்டு. டிரிப்ஸ் மட்டும் ஏற்றிவிட்டு அனுப்புகிற இடத்துக்கு உங்கள் அத்தை மகனின் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு இன்னும் சில விஷயங்கள் பார்க்க வேண்டும். டிரிப்ஸ் ஏறும்போது ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறும். பிரஷர் கட்டுக்குள் இல்லாத அறுபது வயதுக்காரருக்கு இப்போதைய நிலையில் நான் ஏற்றவே மாட்டேன். அப்புறம் குடி. போதைக்கு ஏற்கெனவே பழகிய உடம்பில் இன்னொரு போதை மருந்தை விடுவது ஆபத்து. குடியை நிறுத்தச் சொல்லி நீங்களாக அவரை வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்தோடு நிறுத்த வேண்டும். விடாமல் போடும் அந்தத் தூக்க மாத்திரையையும் அப்படித்தான், மருத்துவர் பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்த வகை மாத்திரை பி.டி.எஸ்.டி-யைக் குணப்படுத்தாது, பழக்கமாகிவிடும்.

இன்னொன்று நான் எந்த ஆய்விலும் படித்ததில்லை, ஆனால் நம் கடற்கரை ஆட்களிடம் கட்டாயம் யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கெட்டமைன் ஏறும்போது பலருக்கு உடம்பு மிதப்பது போல இருக்கும், சத்தமெல்லாம் தூரத்திலிருந்து கேட்கும், கை தன் கையாகவே தெரியாது. தண்ணீரில் உருண்டு, கையிலிருந்த பிள்ளையை விட்ட ஒரு மனிதருக்கு அந்த மிதப்பு எப்படி இருக்கும்? முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்றை உட்கார வைக்காமல் அவரை அதற்குள் அனுப்பக் கூடாது.

சரி, வேறு என்னதான் வழி? உலகம் முழுக்க முதலில் சொல்லப்படுவது, அந்த அதிர்ச்சியையே நேராக எடுத்துப் பேசும் சிகிச்சைதான். அதில் ஒரு முறையில், வாரம் ஒன்று அல்லது இரண்டு என்று எட்டு முதல் பதினைந்து அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை, கண்ணை மூடிக்கொண்டு, அவர் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து வீட்டிலும் கேட்க வேண்டும். கேட்கக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் ஆறாவது ஏழாவது முறை சொல்லும்போது குரல் மாறுவதை நான் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். நடந்தது வேறு, இன்றைக்கு இந்த அறையில் உட்கார்ந்திருப்பது வேறு என்று உடம்பு அப்போதுதான் ஒப்புக்கொள்கிறது. "நான்தான் விட்டேன்" என்று அவர் இத்தனை வருஷம் உள்ளே வைத்திருப்பதும் அங்கேதான் வெளியே வரும். அந்த வேகத்துத் தண்ணீரில் எந்த மனுஷன் கையாலும் பிடித்திருக்க முடியாது என்பதை நாம் சொல்லி அவர் ஏற்க மாட்டார். நொடி நொடியாக அவரே சொல்லிப் பார்க்கும்போது அவருக்கே தெரிய வரும்.

கூடவே, ஒதுக்கி வைத்த இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். அப்பாவை நேராகத் தண்ணீர் ஓரம் நிறுத்தாதீர்கள். கடல் சத்தம் லேசாகக் கேட்கும் தெருமுனையில் முதலில் நிற்கட்டும். அடுத்து, ஞாயிறு சாயங்காலம் கூட்டம் இருக்கும் நேரத்தில் சில்வர் பீச் மணலில் உட்காரட்டும். கூட்டமில்லாத காலை நேரம் அதற்கு அப்புறம். ஒவ்வொரு இடத்திலும் படபடப்பு ஏறித் தானாக இறங்கும் வரை இருந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். நடுவில் ஓடி வந்தால் பயம்தான் ஜெயிக்கும். இதை மருத்துவர் அல்லது உளவியலாளர் திட்டம் போட்டுத் தர வேண்டும், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். டிசம்பரில் ஆரம்பிக்கவே வேண்டாம்.

மாத்திரையில் செர்ட்ரலின், பராக்சிட்டின், வென்லாஃபாக்சின் மூன்றுக்கும் நல்ல ஆதாரம் உண்டு. போதிய அளவில், போதிய வாரங்கள் போட வேண்டும். இவை எதுவுமே உங்கள் அப்பாவுக்கு இதுவரை நடந்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை. கெட்டமைன் பற்றி யோசிக்கும் இடத்துக்கே நாம் இன்னும் வரவில்லை, தங்கச்சி.

கேள்வி: மேடம், நான் சிதம்பரத்தில் தியேட்டர் நர்ஸ். கெட்டமைன் கொடுத்த நோயாளிகள் தெளியும்போது உளறுவதையும், பயந்து கையை வீசுவதையும் நிறைய பார்த்திருக்கிறேன். பயம்தானே பி.டி.எஸ்.டி. அதற்குப் போய் இதைக் கொடுப்பது எப்படிச் சரியாகும்?

பதில்: உங்கள் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, சிஸ்டர். நீங்கள் பார்த்தது உண்மைதான். ஆனால் தியேட்டரில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஒரே மூச்சில் நரம்பில் போகிறது. இங்கே 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மொத்தமே 30 மில்லிகிராம், அதுவும் பம்ப் வைத்து 40 நிமிடத்தில். நோயாளி விழித்தேதான் இருப்பார், கேட்டால் பதில் சொல்வார். உடம்பு மிதப்பது போன்ற அந்த விலகல் உணர்வு டிரிப்ஸ் நின்றதும் ஒன்று இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். வெளிச்சம் குறைந்த, சத்தமில்லாத அறை, பக்கத்தில் ஒரு ஆள், தொடர்ந்து பி.பி.யும் ஆக்ஸிஜன் அளவும் பார்ப்பது, மயக்க மருந்து நிபுணர் கூப்பிடும் தூரத்தில் இருப்பது, இத்தனையும் இருந்தால்தான் செய்ய வேண்டும். உங்கள் தியேட்டரில் தெளியும் நோயாளியைச் சுற்றி இதெல்லாம் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். டிராலி உருளும் சத்தமும் "கண்ணைத் திற" என்ற அதட்டலும்தான் அநேகமாக இருக்கும்.

அதிர்ச்சி நடந்த சூட்டோடு இதைக் கொடுத்தால் பிறகு பி.டி.எஸ்.டி வராமல் தடுக்குமா என்றும் பார்த்திருக்கிறார்கள். தீக்காயம்பட்ட அமெரிக்க ராணுவத்தினரில், ஆபரேஷனின்போது கெட்டமைன் பெற்றவர்களுக்கு நோய் குறைவாக வந்ததாக 2008-ல் ஒரு அறிக்கை வந்தது. அதே மருத்துவர்கள் பின்னாளில் கூடுதல் பேரை வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அதை நம்பி முடிவெடுக்க முடியாது. மனப்பிரமை நோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் எல்லோருக்கும் இது கூடாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கேள்வி: புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 27. இரண்டு வருஷத்துக்கு முன் ஈ.சி.ஆரில் நடந்த விபத்தில் பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த நண்பன் என் கண்முன்னாலேயே இறந்தான். செர்ட்ரலின் 50 பத்து நாள் போட்டேன், வயிறு புரட்டியது, விட்டுவிட்டேன். கெட்டமைன் மாத்திரையாகவே ஆன்லைனில் கிடைக்கிறது, வீட்டிலேயே போடலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: தம்பி, போடக் கூடாது. நம் நாட்டில் கெட்டமைன் 2013 முதல் அட்டவணை எக்ஸ் மருந்து. மருத்துவர் இரண்டு பிரதியில் சீட்டு எழுத வேண்டும், கடைக்காரர் ஒன்றை இரண்டு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும். போதைப்பொருள் சட்டமும் அதன் மேல் இருக்கிறது. சீட்டில்லாமல் வீட்டுக்கு வருவது எதுவானாலும் அதில் என்ன இருக்கிறது என்று அனுப்பியவனுக்கே தெரியாது. அமெரிக்காவிலேயே, பி.டி.எஸ்.டி உட்பட எந்த மனநோய்க்கும் கெட்டமைனுக்கு அனுமதி கிடையாது, வீட்டில் மேற்பார்வை இல்லாமல் போடாதீர்கள் என்று அவர்களின் மருந்து ஆணையம் 2023 அக்டோபரில் எச்சரித்தது. மூக்கில் அடிக்கும் எஸ்கெட்டமைன் ஸ்பிரே என்று ஒன்று 2019-ல் அனுமதி பெற்றது, அதுவும் மாத்திரைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குத்தான். மருத்துவமனையிலேயே அடித்து இரண்டு மணி நேரம் உட்கார வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

எச்சரிக்கை வந்த அதே மாதம் நடிகர் மேத்யூ பெர்ரி இறந்தார். அவரும் மருத்துவரிடம் கெட்டமைன் டிரிப்ஸ் எடுத்துவந்தவர். ஆனால் பிரேதப் பரிசோதனையில் கிடைத்த அளவு அந்த டிரிப்ஸிலிருந்து வந்திருக்க முடியாது, அது ஒரு வாரத்துக்கு மேல் முன்னால் நடந்தது என்று எழுதினார்கள். வெளியே வாங்கியதுதான் அவரைக் கொண்டுபோனது. அடிக்கடி போட்டால் சிறுநீர்ப்பை புண்ணாகும். இருபத்தைந்து வயதில் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எரிச்சலோடு கழிப்பறைக்கு ஓடும் நிலை வரும்.

செர்ட்ரலினுக்கு வருகிறேன். முதல் பத்து நாள்தான் வயிறு புரட்டும். பலன் தெரிய நாலு முதல் ஆறு வாரம் ஆகும், தேவைப்பட்டால் 200 மில்லிகிராம் வரை கூட்டலாம். தொந்தரவு மட்டும் இருந்து பலன் வராத அந்தப் பத்து நாளில் நீங்கள் விட்டிருக்கிறீர்கள். எழுதிக் கொடுத்தவர் இதை உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். மறுபடி போங்கள். 25-ல் ஆரம்பித்துச் சாப்பாட்டுக்குப் பிறகு போடக் கேளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அதிர்ச்சியைப் பேசும் சிகிச்சை செய்யும் உளவியலாளர் அங்கே யார் இருக்கிறார் என்று. கண் அசைவை வைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர் முறையும் ஒரு விபத்தால் வந்த நோய்க்கு நன்றாகவே உதவும்.

நண்பனின் வீட்டுக்கு அதற்கப்புறம் போனீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிகிச்சையில் அதையும் பேசுங்கள்.

கேள்வி: அரசுப் பேருந்து நடத்துநர், பண்ருட்டி. மூன்று வாரத்துக்கு முன் எங்கள் வண்டி முன்னால் ஒரு குடும்பமே லாரியில் அடிபட்டதைப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை, அந்தப் பக்கம் டியூட்டி போக மனசில்லை. எனக்கும் இந்த நோயா? கெட்டமைன் தேவையா?

பதில்: இப்போது தேவையில்லை, சார். ஒரு மாதம் தாண்டித் தொடர்ந்தால்தான் பி.டி.எஸ்.டி என்றே சொல்வோம். இப்படிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தானாகத் தேறிவிடுவார்கள். தூக்கத்துக்காகக் குடிக்காதீர்கள், தூக்க மாத்திரையும் கேட்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த வழித்தட டியூட்டியை மொத்தமாக மாற்றிக்கொள்ளாமல், கூட ஒரு சிநேகிதர் இருக்கும் நாளில் போய்ப் பாருங்கள். ஒரு மாதம் தாண்டியும் இப்படியே இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அரியாங்குப்பம் அம்மா ஒருவர்: தனியார் இடத்தில் ஆறு டிரிப்ஸுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். என் மகளுக்கு மூன்று வகை மாத்திரையும் ஒரு வருஷம் கவுன்சலிங்கும் பார்த்தாயிற்று. கட்டலாமா? வேறு எங்கே கேட்பது?

பதில்: உங்கள் மகளின் நிலை மேலே எழுதியவர்களிடமிருந்து வேறு. மற்ற வழிகளை ஒழுங்காகப் பார்த்தவர்களுக்குத்தான் இந்தப் பேச்சையே எடுக்கலாம். முக்கியமாக மனச்சோர்வும் சேர்ந்து இருந்தால். ஆனாலும் மொத்தமாகக் கட்டாதீர்கள். இரண்டு மூன்று டிரிப்ஸில் அசைவு தெரியவில்லையென்றால் நிறுத்துவீர்களா என்று கேளுங்கள். டிரிப்ஸுக்கு நடுவில் சிகிச்சைப் பேச்சு யார் செய்வார்கள், எந்தெந்தக் கிழமை, அவர் பெயர் என்ன என்று கேளுங்கள். ஒரு வருஷம் பார்த்த கவுன்சலிங்கில் அந்தச் சம்பவத்தைப் பற்றி உண்மையிலேயே பேசினார்களா, பொதுவான ஆறுதலோடு நின்றுவிட்டதா என்று மகளிடமும் கேளுங்கள். மருந்து பாட்டில் விலை குறைவானது, நீங்கள் கொடுப்பது கட்டிலுக்கும் கண்காணிப்புக்கும்தான். அந்தக் கண்காணிப்பு இல்லாத இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள். அன்றைக்கு மகள் வண்டி ஓட்டக் கூடாது, ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகுதான்.

இரண்டாவது கருத்துக்கு கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது, கடலூர் பக்கத்து ஆட்களும் அங்கே வருகிறார்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மருத்துவரைப் பார்க்கலாம். ராத்திரி நேரத்தில் மகள் உயிரை விடுவது பற்றிப் பேசினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவளைத் தனியாக விடாமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண் இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். எங்கே போனாலும் பழைய மாத்திரைச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள். எது எத்தனை மில்லிகிராம், எத்தனை வாரம் போட்டாள் என்று தெரிந்தால்தான் அடுத்த மருத்துவர் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் இருப்பார்.